பிளேட்லெட் ஏறிவிட்டது, ஓடலாமா?

"அக்கா, பிளேட்லெட் 1,80,000 வந்துருச்சு. நாளையிலேர்ந்து கிரவுண்டுக்குப் போலாம்ல?"

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்கிற சமயத்தில் காரைக்குடியில் பிசியோதெரபி பார்க்கிற என்னிடம் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். இந்தத் தடவை கேட்டவன் கல்லல் பக்கத்துப் பையன், போலீஸ் வேலைக்குத் தயாராகிறவன். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். டெங்கு வருவதற்கு முன்னால் ஆறு நிமிடத்துக்குள்ளேயே முடித்துக்கொண்டிருந்தானாம். காய்ச்சல் விட்டு எட்டு நாள் ஆகிறது, கையில் ரிப்போர்ட், ஆனால் மாடிப்படி ஏறி வந்ததற்கே மூச்சு வாங்குகிறது.

நம் பக்கம் டெங்கு என்றால் எல்லோருக்கும் அந்த ஒரு எண்தான், ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை. பப்பாளி இலைச் சாறு குடித்தது, ஆட்டுக்கால் சூப் வைத்தது எல்லாம் அதை ஏற்றத்தான், போனில் நலம் விசாரிக்கிற சித்தப்பா கேட்பதும் அதைத்தான். (சூப் நல்லதுதான், உப்பும் தண்ணீரும் உள்ளே போகும். கரைந்த சதை திரும்ப வேண்டுமென்றால் முட்டையும் பருப்பும் கறியும் தட்டில் விழ வேண்டும்.) பிளேட்லெட் ஏறினால் காய்ச்சலின் ஆபத்தான கட்டம் தாண்டிவிட்டது என்று நிம்மதி அடையலாம், சரி. ஓடுவதற்கு உடம்பு தேறிவிட்டதா என்பதற்கு அந்தத் தாளில் பதில் கிடையாது.

அதற்கு நான் கேட்பது காலை நாடியை. கண் விழித்ததும் எழுந்திருக்காமல், முக்கியமாக போனை எடுக்காமல், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இந்தப் பையனுக்குப் பயிற்சி நாட்களில் 60 இருந்தது, அன்றைக்குக் காலையில் 78. வழக்கத்தைவிடப் பத்து கூட இருந்தாலே அன்று ஓட்டம் கிடையாது என்பது நான் வைத்திருக்கிற கணக்கு. டெங்கு தேறும்போது சிலருக்கு நாடி வழக்கத்தைவிடக் குறைந்தும் போகும், அதோடு தலைசுற்றலும் இருந்தால் என்னிடம் வராமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

நாடி ஏன் ஏறுகிறது? படுத்துக் கிடந்த சில நாட்களிலேயே ரத்தத்தில் இருக்கும் நீர்ப்பகுதி குறைந்துவிடும், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளுகிற ரத்தமும் குறையும், அந்தக் குறையை ஈடுகட்ட அது கூடுதலாகத் துடிக்கும். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் நோயே இல்லாத ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். உச்ச உழைப்பில் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைச் சோதித்தால், முப்பது வயது கூடியதில் போனதைவிட அந்த மூன்று வாரத்தில் போனதுதான் அதிகம்! அன்றைக்குப் படுக்கையிலிருந்து எழுந்து இரண்டு மாதம் பயிற்சி எடுத்ததில் இழந்தது திரும்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பயந்துவிடுவீர்கள்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் மாட்டுவது இதற்கு அடுத்த கட்டத்தில். மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும், இரண்டு மூன்று வாரத்தில் "பழைய மாதிரி ஆயிட்டேன்" என்று தோன்றும். குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற அந்தத் தசைநாரும் கணுக்கால் எலும்பும் அவ்வளவு வேகமாகத் திரும்பாது, அவற்றுக்கு மாதக்கணக்கு. மூச்சை நம்பி வேகத்தைக் கூட்டினால் முன்னங்காலில் வலி பிடிக்கும், காய்ச்சலுக்கு இருந்த ஓய்வைவிட அதற்கு அதிக நாள் இருக்க வேண்டிவரும். நானே டைபாய்டுக்கு அப்புறம் இதைச் செய்தேன், படித்தவள் என்கிற கூச்சத்தில் ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

பையனுக்குச் சொன்னது இதுதான்: முதலில் சமதரையில் 500 மீட்டர் நட, மூச்சு வாங்கக் கூடாது, நடந்து முடித்ததும் படுக்கத் தோன்றக் கூடாது. அப்புறம் அரை மணி நேர நடை. அதை ஒரு வாரம் சிரமமில்லாமல் செய்த பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் எட்டுத் தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓடும்போது பக்கத்தில் வருகிறவனிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். தார்ரோட்டை விட்டுச் செம்மண்ணில் ஓடு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடு. தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதே.

அவன் முகம் சுருங்கிவிட்டது. எனக்குக் கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் நினைவுக்கு வந்தார். நிமோனியாவிலிருந்து எழுந்தவர், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தே தீருவேன் என்று நின்றார். ஊருணிக் கரையில் ஒரு பக்கம் மட்டும் நடந்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். இன்னும் முடியும்போல இருக்கிறதே ஆச்சி என்று ஒருநாள் கேட்டதற்கு, "இப்ப நல்லாத்தாம்மா இருக்கு, நாளைக்குக் காலையில எந்திரிக்கிறப்பத்தானே தெரியும்" என்றார். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் அசதி அப்படித்தான், அன்றைக்குக் காட்டாமல் ஒரு நாள் இரண்டு நாள் கழித்து ஆளை அடித்துப் போடும்.

நெஞ்சு வலி, படபடப்பு, கண் இருட்டல், நடைக்குச் சம்பந்தமில்லாத மூச்சுத்திணறல் இதில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். வைரஸ் சில சமயம் இதயத் தசையிலும் அழற்சி உண்டாக்கும். அது உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் ஓடவே கூடாது, காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிற வீரமெல்லாம் அங்கே செல்லாது.

பையன் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் எண்ணை மட்டும் அனுப்புகிறான். 78, 75, 76, நடுவில் நண்பர்களோடு ஒரு ரவுண்டு ஓடிவிட்டு 82. இன்றைக்கு 66. ஒரு நிமிட ஓட்டத்தை ஒன்றரை ஆக்கிக்கொள் என்று பதில் போட்டேன், "ரெண்டு?" என்று உடனே கேட்டுவிட்டான்.