வெள்ளைப் பலகைப் பேருந்து வராத ஊரில் விடியல் பயணம்: பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்வதற்கான அரசாணை 2021 மே 7 அன்று கையெழுத்தாகி, மறுநாளே நடைமுறைக்கு வந்தது. திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் வரும் ஒருவருக்கும் அது பின்னர் விரிவாக்கப்பட்டது. 2023-இல் 'விடியல் பயணம்' என்ற பெயரும் சூட்டப்பட்டது. இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறுகிறது. பின்னணியாக இவ்வளவு போதும். நிறுத்தத்தில் பேருந்து வந்து நின்றால்தான் அந்த 888 ரூபாய் கைக்கு வரும் என்பதால், பேருந்து ஏறும்போதும், அது வராதபோதும் நேரும் சிக்கல்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதலில் எந்தப் பேருந்து என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலைப்பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில், வெள்ளைப் பலகை மாட்டிய, அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு மட்டுமே இச்சலுகை உண்டு. திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் மத்தியப் பேருந்து நிலையத்துக்கும் இடையே தனியார் நகரப் பேருந்துகளும் அதே தடத்தில், அதே அவசரத்தில் ஓடுகின்றன; கூட்டத்தில் முண்டியடித்து ஏறிய பிறகு நடத்துநர் காசு கேட்டால் அவர் கேட்பது சரியே, இறங்கி அடுத்த வண்டிக்கு நிற்பதைத் தவிர வழியில்லை. துறையூருக்கோ மணப்பாறைக்கோ செல்லும் புறநகர்ப் பேருந்து அரசுப் பேருந்துதான் என்றாலும், வழியில் மூன்றாவது நிறுத்தத்திலேயே இறங்குவதாக இருந்தாலும், சீட்டுக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும். 2025 ஜூனில் தொடங்கப்பட்ட புதிய திட்டத்தின்படி ஓடும் சிற்றுந்துகள் தனியாருடையவை என்பதால் அவற்றிலும் இலவசம் இல்லை. எனவே, உங்கள் ஊருக்கு நகரப் பேருந்தை நிறுத்திவிட்டு 'அதுதான் மினி பஸ் வருகிறதே' என்று யாராவது சமாதானம் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அப்படி ஏற்றுக்கொண்டால் உங்கள் சலுகையை நீங்களே விட்டுக்கொடுத்ததாகும்.

பெண்கள் எந்த அட்டையும் காட்ட வேண்டியதில்லை. ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றில் ஒன்றைக்கூடக் கேட்பதற்கு நடத்துநருக்கு வேலையில்லை. மாற்றுத்திறனாளிகள் மட்டும் அடையாள அட்டையின் மூலத்தை வைத்திருப்பது நல்லது, ஏனெனில் நகலை ஏற்க மறுத்து வழியில் இறக்கிவிட்ட கொடுமையை நானே கண்டிருக்கிறேன். அறுபது வயது கடந்த ஆண்கள், சென்னையில் தருகிறார்களாமே என்று இலவசப் பயண டோக்கன் கேட்டு மற்ற நகரங்களின் பணிமனைகளில் வரிசையில் நின்று ஏமாந்து திரும்புகிறார்கள். மாதம் பத்து டோக்கன் என்பது சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் ஏற்பாடு. அது திருச்சிக்கோ சேலத்துக்கோ பொருந்தாது.

கட்டணமில்லாச் சீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்கி, இறங்கும் வரை வைத்திருங்கள். கூட்ட நேரத்தில் நடத்துநர் 'அப்புறம் தருகிறேன்' என்பார், நாமும் காசில்லாத சீட்டுதானே என்று விட்டுவிடுவோம். சோதனையாளர் ஏறும்போது வீண் பேச்சு வராமலிருக்க அது உதவும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தத் தடத்தில் எத்தனை பெண்கள் பயணம் செய்தார்கள் என்பது இந்தச் சீட்டுகளில்தான் பதிவாகிறது. நாளை 'அந்த நடையில் ஆளே ஏறுவதில்லை' என்று சொல்லி அதை நிறுத்த முனைந்தால், மறுப்பதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே கணக்கு அதுதான்.

இனி, பேருந்தே வராத நிலைக்கு வருகிறேன். ஒரு நகரின் ஓரத்தில் ஜவுளிக்கடையில் வேலை செய்யும் ஓர் அக்காவை எனக்குத் தெரியும். இரவு ஒன்பதே காலுக்கு வர வேண்டிய கடைசி நடை ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது. வராத நாளில் ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். அவர் தன் பையிலிருந்த கடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில், பேருந்து வராத தேதிகளை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருந்தார். அவருடன் பணிமனைக்குச் சென்றேன். மண்டல அலுவலகத்தைப் பாருங்கள் என்றார்கள். அங்கே, அனுமதி தொடர்பானது என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்றார்கள். அங்கிருந்தவர், அரசு வண்டியில் நாங்கள் தலையிடுவதில்லை, பணிமனையைக் கேளுங்கள் என்றார். மூன்று வாசல் ஏறி இறங்கியதில் அந்த அக்காவுக்கு இரண்டு நாள் சம்பளம் போனது. அந்த இரண்டு நாள் யாருடைய கணக்கிலும் வராது.

ஆகவே யாரிடம் எதைக் கேட்பது என்பதை முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அட்டவணையில் உள்ள நடை ஓடவில்லை என்றால் அது போக்குவரத்துக் கழகத்தின் வேலை. மனுவை மண்டலப் பொது மேலாளர் பெயருக்கு எழுதிக் கிளை மேலாளருக்கு நகல் கொடுங்கள். திருச்சி மண்டலம் கும்பகோணம் கோட்டத்தின் கீழ் வருவதால், மேலே எழுத வேண்டுமானால் கும்பகோணத்தில் உள்ள மேலாண் இயக்குநருக்கு எழுத வேண்டும். தனியார் பேருந்து நேரம் மீறுகிறது, நிறுத்தத்தில் நிற்பதில்லை என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலர். மனுவில் 'பேருந்து வசதி செய்து தருக' என்று எழுதினால் 'பரிசீலிக்கப்படும்' என்ற பதிலோடு அது முடிந்துவிடும். தடம் எண், நிறுத்தத்தின் பெயர், வர வேண்டிய நேரம், வராத தேதிகள் ஆகிய நான்கையும் எழுதிப் பத்துப் பேராவது கையெழுத்திடுங்கள்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதானால் மனு எண் பெறாமல் வெளியே வராதீர்கள். அந்த மனு சுற்றிச் சுற்றி, நீங்கள் யார் மீது குறை சொன்னீர்களோ அதே பணிமனைக்குத்தான் வந்து சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். 'முறையாக இயக்கப்படுகிறது' என்று பதில் வந்து கோப்பு மூடப்பட்டால் சோர்ந்துவிடாமல், அதே தேதிகளுடன் மறுபடியும் கொடுங்கள். நிற்காமல் சென்ற பேருந்தைப் பற்றி அன்றே 1800 599 1500 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, 'முதல்வரின் முகவரி' குறைதீர்ப்புத் துறையின் உதவி எண்ணான 1100-லோ வண்டி எண்ணுடன் பதிவு செய்யலாம். வண்டி எண் இல்லாத புகார் நிற்காது.

நேரத்தையே மறுப்பவர்களும் உண்டு, 'ஒன்பதே காலுக்கு அப்படி ஒரு நடையே கிடையாது' என்பார்கள். கட்டணப் பட்டியலும் கால அட்டவணையும் பேருந்திலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்பது, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு அனுமதியோடு விதிக்க இடமளிக்கும் நிபந்தனைகளில் ஒன்று. எத்தனை நிறுத்தங்களில் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறோம்? தாள் இல்லாத நிலையில் தகவல் உரிமைச் சட்டம்தான் துணை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, போக்குவரத்துக் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'ஏன் பேருந்து வரவில்லை' என்று கேட்டால் விளக்கம் தர இயலாது என்று தட்டிக்கழிப்பார்கள். இந்தத் தடத்தில் இந்த மாதம் அட்டவணைப்படி எத்தனை நடைகள், இயக்கப்பட்டவை எத்தனை, ரத்தானவை தேதிவாரியாக எவை என்று கேட்டு, அந்தப் பதிவேட்டின் நகலையும் கோருங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, மழுப்பலாக வந்தாலோ, அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.