உள்ளூர்மயமாக்கலா, ஊர்ப்பொறுப்பா?

மதுரைக்குப் பக்கம் உச்சப்பட்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமை ஒட்டி ஒரு சின்ன மண்டபம். போர் நடக்கும் நாடுகளில் நிவாரணப் பணி எப்படி நடக்கிறது, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் பயிற்சி. பேசிய தம்பி விஷயம் தெரிந்தவர். ஆனால் வாய்க்கு வாய் ‘உள்ளூர்மயமாக்கல்’ என்றார். மன்னாரிலிருந்து 1990இல் படகேறி வந்த ஓர் அம்மா நாலாவது வரிசையிலிருந்து எழுந்தார்.

“தம்பி, அப்ப இனித்தான் எங்களை உள்ளூர் ஆக்கப் போறியளோ?”

யாரும் சிரிக்கவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் இந்த மண்ணில் இருந்தும் குடியுரிமை இல்லாதவர் காதில் அந்தச் சொல் வேறு எப்படி விழும்? அவர் தவறாகப் புரிந்துகொண்டதாகப் பக்கத்தில் இருந்தவர் சமாதானம் சொன்னார். அந்த அம்மா சொல்லைச் சரியாகவே பிரித்தார் என்பேன். சொல்தான் தவறு.

முதலில் பொருள். போரிலும் பேரிடரிலும் முதலில் ஓடி வருபவர் அந்தத் தெருக்காரர். பணமோ ஜெனீவாவுக்கும் நியூயார்க்குக்கும் போய், அங்கிருந்து பெரிய அமைப்பு, அதற்குக் கீழே இன்னோர் அமைப்பு என்று படிப்படியாக இறங்கி வருகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் குறைகிறது. இதை மாற்ற 2016 மே மாதம் இஸ்தான்புல் மாநாட்டில் பெரிய கொடையாளர்களும் உதவி அமைப்புகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: 2020க்குள் நிதியில் 25 விழுக்காடாவது, முடிந்தவரை நேரடியாக, அந்தந்த நாட்டு, ஊர் அமைப்புகளுக்குப் போக வேண்டும். நேரடியாகப் போன பணம் அந்த இலக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஊர் அமைப்புகளிடம் கணக்குப் புத்தகம் சரியாக இராது, பதிவு இராது, பணம் ஆயுதக் குழுவின் கைக்குப் போய்விடும் என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. உள்ளூர் மாடு விலைபோகாது என்று நம்மூரில் சொல்வதுதான்.

ஆங்கிலத்தில் ‘லோக்கலைசேஷன்’ எனப்படும் இந்த மாற்றத்துக்குத் தமிழில் வைத்த பெயர்தான் உள்ளூர்மயமாக்கல். ‘மயம்’ வடமொழி ஒட்டு. நிறைந்தது, அதனாலேயே ஆனது என்று பொருள். பொன்மயம், ஆனந்தமயம் என்பவற்றில் அது அழகாக உட்காரும். ‘ஆக்கல்’ சேர்ந்ததும் கதை மாறுகிறது. தனியார்மயமாக்கல், கணினிமயமாக்கல், உலகமயமாக்கல் எல்லாவற்றையும் பாருங்கள். வெளியே ஒருவர் நிற்கிறார். அதுவரை அப்படி இல்லாத ஒன்றை அப்படி ஆக்குகிறார். உதவி முதலில் வெளியூர்க்காரரின் சொத்தாக இருந்ததாகவும், அவர் மனமிரங்கி அதை உள்ளூர் ஆக்குவதாகவும் நம் வாயாலேயே சொல்கிறோம். அடுப்பு மூட்டியவர், காயம் கட்டியவர், குழி வெட்டிப் புதைத்தவர் யாரும் இந்தச் சொல்லுக்குள் இல்லை. கைபேசிச் செயலியைத் தமிழில் மாற்றுவதற்கும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். செயலியின் பட்டியலைப் பெயர்ப்பதும் குண்டு விழும் தெருவில் கஞ்சி காய்ச்சுவதும் ஒன்றா?

வேறு சிலர் ‘உள்ளூர் தலைமையிலான மனிதாபிமான உதவி’ என்கிறார்கள். இது அதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் ஆங்கிலத்தை வரிசை மாறாமல் அடுக்கியது. உசிலம்பட்டிப் பக்கம் போய் ‘உள்ளூர் தலைமை’ என்று சொல்லுங்கள். ஊராட்சித் தலைவர் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். ‘மனிதாபிமானம்’ என்ற சொல்லிலும் எனக்கு உறுத்தல் உண்டு. அபிமானம் என்றால் பற்று. அபிமான நடிகர் என்பதில் இருக்கும் அதே பற்று. பற்று உள்ளே இருப்பது. அதை யாரும் உரிமை கொண்டாடலாம். இலங்கை அரசு வன்னியில் நடத்திய போருக்கே ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்று பெயர் வைத்தது. அதை நினைக்காமல் அந்தச் சொல்லை உச்சப்பட்டியில் ஒலிவாங்கி வைத்துப் பேச என்னால் முடியாது. அதற்குப் பதில் துயர்துடைப்பு என்பேன். துயர்துடைப்பு என்றால் துடைத்தாக வேண்டும். அது செயலைக் கேட்கும் சொல்.

சரி, வேறு என்ன சொல்வது? சூடானைப் பார்ப்போம். 2023 ஏப்ரல் 15 அன்று அங்கே ராணுவத்துக்கும் துரித ஆதரவுப் படை என்ற துணைப்படைக்கும் போர் மூண்டது. வெளி அமைப்புகளில் பெரும்பாலானவை தலைநகர் கார்டூமை விட்டு வெளியேறின. தெருத்தெருவாக இளைஞர்கள் ‘அவசர உதவி அறைகள்’ அமைத்தார்கள், பொதுச் சமையற்கூடம் வைத்தார்கள், நோயாளிகளை அப்புறப்படுத்தினார்கள். 2025இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவர்களுக்குக் கிடைத்தது. அதே 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது அந்தச் சமையற்கூடங்களில் பல நூறு மூடப்பட்டன. தாங்கள் செய்வதை அவர்கள் ‘நஃபீர்’ மரபு என்கிறார்கள். அறுவடைக்கோ வீடு கட்டவோ வெள்ளத்தை அடைக்கவோ ஒரு குரல் கொடுத்தால் அக்கம்பக்கம் திரண்டு வரும் பழைய வழக்கம் அது.

இதைப் படித்ததும் நினைவுக்கு வந்தது நம் கண்மாய்க்கரைதான். மழைக்கு முன்னால் கரையைப் பலப்படுத்த, வரத்துக்கால் தூர்வார, மடையைச் சரிபார்க்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு வருவார்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். மராமத்து அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக வந்த சொல். தூய தமிழ் விரும்புபவன் நான். ஆனாலும் இந்தச் சொல்லை மதிக்கிறேன், ஏனென்றால் ‘குடி’ முன்னால் நிற்கிறது. யார் செய்கிறார்கள் என்பது முதல் இரண்டெழுத்திலேயே தெரிந்துவிடுகிறது. யாரும் எதையும் ஆக்கவில்லை.

அந்தப் பயிற்சியின் உணவு இடைவேளையில் மன்னார் அம்மாவுக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தேன். மடுத் தேவாலயத்தில் சனம் வந்து குவிந்த நாட்களைச் சொன்னார். அரிசி ஒரு மூட்டை, குழந்தைகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. “ஆர் சமைக்கச் சொன்னது?” என்று கேட்டேன். “ஒருத்தரும் சொல்லேல்லை. நாங்கள் பொறுப்பெடுத்தனாங்கள்” என்றார். சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார்.

பொறுப்பு. பொறுத்தல் என்றால் சுமத்தல், சுமக்கப்படுவது பொறுப்பு. ஊர் சுமப்பது ஊர்ப்பொறுப்பு. பொறுப்பு என்றால் அதிகாரமும் சேர்ந்தது. கோயில் பொறுப்பு, கடைப் பொறுப்பு என்றால் சாவி யார் கையில் என்று தெரிந்துவிடும். நிதி விவாதத்தின் உயிரே அந்தச் சாவிதான். ஆகவே உதவியை ஊர்ப்பொறுப்பில் விடுதல், ஊர்ப்பொறுப்புத் துயர்துடைப்பு, ஊர்ப்பொறுப்புக்கான கொடை என்று எழுதலாம். ‘ஊர்’ என்றால் கிராமம்தானே, கார்டூம் நகரமாயிற்றே என்று கேட்பார்கள். மதுரைக்காரர் மதுரையை ஊர் என்றுதான் சொல்கிறார். சென்னையிலிருந்து பஸ் ஏறும்போது ஊருக்குப் போகிறோம் என்றுதான் சொல்கிறோம்.

பணத்தைக் குறிக்கக் கொடை போதும். ‘பரோபகார நிதியளிப்பு’ என்று ஒரு பிரசுரத்தில் பார்த்தேன். பரன் என்றால் பிறன். வள்ளுவர் பிறனுக்கு இரங்குவதை மட்டும் பேசவில்லை. ஒப்புரவு பேசும் 215ஆம் குறளில் பேரறிவாளன் செல்வத்தை ஊருணியில் நீர் நிறைந்ததற்கு ஒப்பிட்டார். ஊருணியில் குடம் முக்குகிறவரிடம் யாரும் பதிவுச் சான்றிதழ் கேட்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான். ஆங்கிலச் சொல்லிடம் பொருள் கேட்கிறார்கள், வேலை செய்தவரிடம் கேட்பதில்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகள் வன்னியை விட்டு வெளியேறிய பிறகு அங்கே மருந்து கட்டியவர்களும் கஞ்சி ஊற்றியவர்களும் தமிழ் பேசியவர்கள். ஆண்டுதோறும் மே மாதம் முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று அதை நினைவுகூர்கிறோம். அந்த வேலைக்கான சொற்கள் அவர்களிடம் இருந்திருக்கின்றன. உச்சப்பட்டியில், ஆனையூரில், திருவாதவூரில் உள்ள முகாம்களில் அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரம்.