எண்ணெய் மேல் எதுவும் ஒட்டாது, சார்

கார் பாலிஷ் போடும் என் கடைக்கு இந்த மாதத்தில் இப்படி வந்தது இது மூன்றாவது கார். கருப்பு செடான், வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ரிட்டயர் ஆன ஒரு சார் ஓட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்து அஞ்சு கோட் போட்டேன். ரெண்டு வாரம்கூட தாங்கல. ரெண்டு தடவை கழுவினதும் பழைய கீறல் எல்லாம் வெளிய வந்துடுச்சு. டூப்ளிகேட் சரக்கா?" என்று டிக்கியைத் திறந்து பாட்டில்களைக் காட்டினார். எல்லாம் ஒரிஜினல். என் கடையில் இருப்பதைவிட ஒன்றிரண்டு உசத்தி. போட்ட வரிசைதான் தலைகீழ். முதலில் வாக்ஸ், அதன் மேல் கிளேஸ், அதன் மேல் சீலன்ட், அப்புறம் இன்னும் இரண்டு கோட் வாக்ஸ். ஒரு வீடியோவில் ஒன்றைச் சொன்னார்கள், இன்னொன்றில் வேறொன்றைச் சொன்னார்கள், எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டார்.

அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதே கதையை மாதம் மூன்று முறை கேட்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

முதலில் கிளேஸைப் பற்றிச் சொல்கிறேன். இதுதான் ஆளை ஏமாற்றும் பாட்டில். பெரும்பாலான கிளேஸில் இருப்பது எண்ணெயும், கீறலை நிரப்பும் நுண்ணிய பூச்சும்தான். அந்த சாரின் பாட்டிலையே எடுத்து, பானெட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்து டார்ச் அடித்துக் காட்டினேன். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி ஓடிய கீறல்கள் காணாமல் போயிருந்தன. "பார்த்தீங்களா தம்பி, போயிடுச்சு!" என்றார். எண்ணெயைக் கரைத்து எடுக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து தெளித்து ஒரு துடை துடைத்தேன். வலை அப்படியே திரும்பி வந்தது. சார் ஒன்றும் பேசவில்லை.

கிளேஸ் கீறலை மறைக்கும், எடுக்காது. வெயிலுக்கோ மழைக்கோ அது பாதுகாப்பும் கிடையாது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புக் காரைக் காட்டினால், ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

சீலன்ட் வேறு ஜாதி. செயற்கைப் பாலிமர். பெயின்டின் கடைசி அடுக்கான நிறமில்லாத கிளியர் கோட்டை நேராகப் பிடித்துக்கொண்டால் நான்கைந்து மாதம் நிற்கும். ஆனால் அது பிடிக்கப் பெயின்ட் வெறுமையாக இருக்க வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் கூடிப்போனால் மாவு பரவாமல் கரண்டியோடு வருகிறதா இல்லையா? கிளேஸ் மேலேயும் வாக்ஸ் மேலேயும் சீலன்ட் போடுவது அதே கதைதான். தங்கள் சீலன்டோடு ஒத்துப்போகிற மாதிரியே கிளேஸ் செய்யும் கம்பெனிகளும் உண்டு. அப்படியானால் பாட்டிலிலேயே எழுதியிருப்பார்கள். எழுதவில்லையா, ஒட்டாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்ஸ் எதன் மேலும் உட்காரும். நல்லது கார்னூபா, பிரேசில் பக்கம் விளையும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து எடுப்பது. நம் வெயிலில் ஒன்றிரண்டு மாதம் நின்றால் பெரிய விஷயம்.

இப்போது என் தலைவலிக்கு வருகிறேன். "அஞ்சு கோட் போட்டா அஞ்சு மடங்கு கனம்தானே?" இல்லை. இல்லவே இல்லை. கிளியர் கோட்டின் கனமே சுமார் 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியைவிட மெல்லிசு. துடைத்து மெருகேற்றிய பிறகு அதன் மேல் நிற்கிற வாக்ஸ் ஒரு மைக்ரான்கூடத் தேறாது. அடுத்த கோட்டில் இருக்கும் கரைப்பான் முந்தின கோட்டையும் இளக்கிவிடும். மீதியை நீங்களே துணியால் துடைத்து எடுத்துவிடுகிறீர்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி இது ஏறிக்கொண்டே போகாது. இரண்டாவது கோட்டுக்கு ஒரே ஒரு வேலை உண்டு. முதல் தடவை கை படாமல் விட்ட இடத்தை அது மூடும். மூன்றாவது கோட் போவது உங்கள் மைக்ரோஃபைபர் துணிக்குத்தான். நம்பாதவர்கள் துணியைப் பிழிந்து பாருங்கள்.

கனமாகப் பூசினால் இன்னும் மோசம். காயாது, துடைத்தால் இழுவும், மேலே தூசியை வாங்கி வைத்துக்கொள்ளும். கறுப்பு பம்பர் பிளாஸ்டிக்கில் வெள்ளைத் திட்டு விழும். "தண்ணீ முத்து முத்தா நிக்குதே, அப்போ கோட் இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று இன்னொரு கேள்வி வரும். எண்ணெய் தடவினாலும் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும், ஐயா.

சரி, எப்படித்தான் போடுவது? கழுவுங்கள், களிமண் மாதிரி பிசையவரும் க்ளே பார் தேய்த்து ஒட்டியிருக்கும் அழுக்கை எடுங்கள், தேவைப்பட்டால் மட்டும் பாலிஷ். ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் சுரண்டித்தான் எடுக்கிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மெஷின் பாலிஷ் போடச் சொல்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பிறகு ஆல்கஹாலில் ஒரு துடை. சீலன்ட் மெல்லிசாக ஒரு கோட். லேபிளில் சொன்ன நேரம் விடுங்கள், பலவற்றுக்கு 12 முதல் 24 மணி நேரம். அதுவரை தண்ணீர் படக்கூடாது. மறுநாள் ஆசை இருந்தால் மேலே வாக்ஸ். அது அழுக்கு எடுக்கும் சரக்கும் கலந்த கிளீனர் வாக்ஸாக இருக்கக் கூடாது, அது அடியில் இருக்கும் சீலன்டையும் சேர்த்து வழித்துவிடும். கிளேஸ் வேண்டுமா? அப்போது சீலன்டை மறந்துவிடுங்கள். கிளேஸ் மேல் வாக்ஸ், அவ்வளவுதான்.

வெயிலில் செய்யாதீர்கள். பானெட் கையைச் சுட்டால் பாட்டிலைத் திறக்கவே திறக்காதீர்கள். டிங்கரிங் முடிந்து புதிதாகப் பெயின்ட் அடித்த கதவுக்கு உடனே சீலன்ட் போடாதீர்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும். பெயின்ட் அடித்தவரையே கேளுங்கள், பொதுவாக ஒன்றிரண்டு மாதம் பொறுக்கச் சொல்வார். பாத்திரம் கழுவும் லிக்விடைக் கார் பக்கமே கொண்டுவராதீர்கள், போட்ட வாக்ஸ் போய்விடும். போர் தண்ணீரில் கழுவினால் காயவிடாமல் துடையுங்கள். உப்புக் கறை காய்ந்துவிட்டால் அதற்கு என்னிடம்தான் வர வேண்டியிருக்கும்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். அபார்ட்மென்டில் தினமும் காலையில் கார் துடைக்க வருபவரிடம், தூசி மேல் காய்ந்த துணியைப் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே பக்கெட், ஒரே துணி, பத்துக் கார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கொடுக்கிற காசுக்கு அவர் என்ன செய்வார்? வாரம் இரண்டு நாள் வந்தால் போதும், ஆனால் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். அந்த சாரின் பானெட்டில் இருந்த வலை முழுக்க அந்தத் துணியின் வேலைதான்.

எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டு, லேசாக ஒரு பாலிஷ், ஒரே ஒரு கோட் சீலன்ட் போட்டுக் கொடுத்தேன். சாவியை வாங்கிக்கொண்டவர் டிக்கியைக் காட்டி, "அப்போ அந்த கிளேஸை என்ன பண்றது தம்பி?" என்றார்.

"வீட்டுல கல்யாணம் ஏதாவது வருதா சார்?"

"தை மாசம், பொண்ணுக்கு."

"மாப்பிள்ளை அழைப்புக்கு முந்தின நாள் போடுங்க. போட்டோவுல ஜம்முனு இருக்கும்."