ரிசீவர்: இந்தப் பெட்டி எதை வாங்குகிறது?

முதல் 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், அடி ஒலிக்கு ஒரு சப் ஊஃபர்) போடலாம் என்று கிளம்பி, சென்னை ரிச்சி தெருக் கடை ஒன்றில் "ரிசீவர் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் டிஷ் பாக்ஸ் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இது இல்லண்ணா, ஹோம் தியேட்டருக்கு" என்றதும், "அப்ப ஆம்ப்னு கேளுங்க சார்" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. தப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது.

நம் ஊரில் ரிசீவருக்கு ஏற்கெனவே மூன்று வேலை. லேண்ட்லைன் காலத்தவர்களுக்கு அது காதில் வைக்கிற போன் கட்டை, "ரிசீவரை ஒழுங்கா வைக்கலையா?" என்று திட்டு வாங்காத வீடு குறைவு. கோர்ட்டுப் பக்கம் போனால், வழக்கில் மாட்டிய சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமிக்கும் ஆள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆவது ஆணை முழுக்க அவரைப் பற்றித்தான். மூன்றாவது, மேலே சொன்ன டிஷ் பாக்ஸ். நான்காவதாக வந்தது நம்முடைய பெட்டி.

மூலம் லத்தீன். 'ரெசிபெரே' என்றால் எடுத்துக்கொள், பெற்றுக்கொள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'ரிசீவ்' ஆனது. சமையல் குறிப்பைச் சொல்லும் 'ரெசிபி'யும் கடையில் தரும் 'ரிசீப்ட்'டும் இதே வேரில் முளைத்தவை. நம் 'ரசீது' மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. ஓசையைக் கேட்டால் 'ரிசீப்ட்' திரிந்தது போலத்தான் இருக்கும். ஆனால் அது 'வந்து சேர்ந்தது' என்று பொருள்படும் பாரசீகச் சொல்.

சரி, பாட்டுப் பெட்டிக்கு ஏன் இந்தப் பெயர்? வானொலி அலையைப் பிடிக்கும் ட்யூனர் ஒரு பெட்டி, அதன் ஒலியை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு பெட்டி என்று தனித்தனியாக வாங்கிய காலம் உண்டு. 1954இல் ஹார்மன் கார்டன் 'ஃபெஸ்டிவல் டி1000' என்ற பெயரில் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து விற்றது. 1958இல் அதே நிறுவனம் ஸ்டீரியோ ரிசீவரையும் கொண்டுவந்தது. ட்யூனர் உள்ளே இருந்தால் ரிசீவர், இல்லையென்றால் வெறும் ஆம்ப்ளிஃபயர்: பெயருக்கு அடிப்படை இவ்வளவுதான். வாங்கியது வானொலி அலையை.

இன்றைக்கும் அந்த ட்யூனர் பல மாடல்களில் உள்ளே இருக்கிறது. கூடவே ஒரு சின்ன ஒயர் ஆன்டெனா வரும். என் வீட்டில் அது பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காமல் டிராயரில் கிடக்கிறது. சும்மா கிடக்கும் உறுப்பின் பெயரில் பெட்டி முழுக்க அழைக்கப்படுகிறது.

இப்போது அது வாங்குவது வேறு. ப்ளேயரிலிருந்தும் டிவியிலிருந்தும் ஹெச்.டி.எம்.ஐ. வழியாக வரும் டால்பி, டிடிஎஸ் ஒலியை வாங்கி, ஆறு தடங்களாகப் பிரித்து, ஐந்தைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிறது. ஆறாவதான சப் ஊஃபர் தடத்தை மட்டும் பெருக்காது. வெறும் சிக்னலாக வெளியே விட்டுவிடும். முதல்முறை வாங்குபவர்கள் வழுக்குவது இங்கேதான். லோக்கல் அசெம்பிள் ஆம்ப் பெரும்பாலும் சப்பையும் தானே ஓட்டும். அதை நம்பி, மின் இணைப்பில்லாத வெறும் சப் ஊஃபரைப் பிராண்டட் ரிசீவரோடு வாங்கினால் சப் ஊமையாகத்தான் இருக்கும். சொந்த ஆம்ப் உள்ள ஆக்டிவ் சப் வேண்டும். பழைய ஹோம் தியேட்டர் செட்டின் 3 ஓம், 4 ஓம் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு) ஸ்பீக்கர்களைக் கழற்றி, 6 ஓமுக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருக்கும் ரிசீவரில் மாட்டுவதும் வேண்டாம்.

அசெம்பிள் ஆம்பை நான் மட்டமாகச் சொல்லவில்லை. காசுக்கு நல்ல சத்தம் தரும். ஆனால் '5.1' என்று எழுதியிருப்பதில் பல, வருகிற இரண்டு தடத்தையே ஐந்தாகப் பரப்புபவை. உண்மையான டால்பியைப் பிரிக்கத் தனி டிகோடர் வேண்டும். 'ரிசீவர்' என்ற பெயர் இன்றைக்குப் பொருந்துகிறதென்றால், வந்த ஒலியைப் புரிந்து வாங்கும் இந்த வேலைக்காகத்தான்.

இன்னொரு வேடிக்கை. டிவியில் ஓடும் ஓடிடி படத்தின் ஒலி ஹெச்.டி.எம்.ஐ. வழியாகவே ரிசீவருக்கு வர, ஏ.ஆர்.சி. (ஆடியோ ரிட்டர்ன் சேனல்) என்று குறித்த துளை இரண்டு பக்கமும் வேண்டும். 2009இல் ஹெச்.டி.எம்.ஐ. 1.4உடன் வந்த வசதி இது. ரிசீவரில் அந்தத் துளைக்கு மேல் 'அவுட்' என்று எழுதியிருக்கும். படம் வெளியே போகிற அதே துளை வழியாக டிவியின் ஒலி உள்ளே வரும்.

வாட்ஸ் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். யமஹா ஆர்எக்ஸ்-வி385 என்ற தொடக்க நிலை மாடலுக்கு அந்த நிறுவனமே மூன்று எண் தருகிறது: 70, 100, 135. மூன்றும் 6 ஓமில்தான். 135 என்பது ஒரே ஒரு ஸ்பீக்கரை, ஒரே ஒரு சுருதியில், 10 சதவீதச் சிதைவோடு ஓட்டும்போது கிடைப்பது. இரண்டு ஸ்பீக்கரை 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை சுத்தமாக ஓட்டினால் 70. எந்தப் பெட்டியானாலும் இந்த 70 போல அளந்த எண்ணைத் தேடிப் பிடித்து ஒப்பிடுங்கள். அப்படியே 70க்குப் பதில் 135 கிடைத்தாலும் கூடுவது 3 டெசிபலுக்கும் குறைவு, சத்தம் இரட்டிப்பாகாது.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? 'பெறுநர்' கடிதத்துக்கு நல்லது. பெட்டிக்கு அந்த '-நர்' விகுதி ஒட்டாது. 'வாங்கி' எனக்குப் பிடிக்கும். மைக்கை 'ஒலிவாங்கி' என்று இலங்கைத் தமிழர்கள் இயல்பாகச் சொல்கிறார்கள். ஆனால் அதனாலேயே 'வாங்கி' என்றால் மைக் நினைவுதான் வருகிறது. இயற்பியல் பாடநூல் தருவது 'ஏற்பி'. வானொலி ரிசீவருக்கு அது கச்சிதம். ஏற்றல் என்றால் பழைய தமிழில் கையேந்திப் பெறுவதும்தான். டிவியிடமும் ப்ளேயரிடமும் கையேந்தி நிற்கும் பெட்டிக்கு அதுவும் பொருத்தமே. என்ன, பெருக்கும் வேலை அதில் விட்டுப்போகிறது. ஆம்ப்ளிஃபயருக்குப் 'பெருக்கி' என்பது சரியான சொல். வீட்டில் சொன்னால் துடைப்பத்தைத் தேடுவார்கள், அவ்வளவுதான். 'ஒலிபெருக்கி' என்று நீட்டினாலோ, அதை ஸ்பீக்கர் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

இரண்டு வேலையும் தெரிய, 'ஏற்புப்பெருக்கி' என்று எழுதுகிறேன். ஏற்பதும் பெருக்குவதும் ஒரே பெட்டியில் இருப்பதால்தானே அதற்குத் தனிப்பெயரே தேவைப்பட்டது. கடையில் மட்டும் "ஏ.ஆர்.சி. இருக்கிற 5.1 ஆம்ப்" என்று கேளுங்கள். டிஷ் பாக்ஸ் வராது.