எக்ஸ்டிங்ஷன்: அழிவு அல்ல, ஓய்தல்

சென்ற மாதம் ஒரு பெற்றோர் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். ‘பிரச்சினை நடத்தையின் அழிவு’ என்பது தலைப்பு. அதன் கீழே, ‘குழந்தையின் அடம் அழிவுக்கு உட்படுத்தப்பட வேண்டும்’ என்று ஒரு வாக்கியம். எனக்குப் பக்கத்தில் பேரனை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “பிள்ளையை என்ன செய்யச் சொல்கிறார்கள் தம்பி?” என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. எக்ஸ்டிங்ஷன் என்ற உளவியல் சொல்லை ‘அழிவு’ என்று எழுதும் வழக்கத்தைக் கட்டுரைகளிலும் பயிற்சித் தாள்களிலும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அது பிழையான சொல். பிழை என்பதோடு நில்லாமல், வீட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குக் கெடுதலும் செய்கிறது.

முதலில் பொருள். ஒரு நடத்தையால் ஏதோ கிடைக்கிறது; அதனால் அது தொடர்கிறது. ‘அழுத பிள்ளைக்குத்தான் பால்’ என்று நம் பழமொழி சொல்வது இதைத்தான். உளவியலார் இதை வலுவூட்டல் என்பார்கள். அந்தப் பால் இனி வராது என்றால் அழுகை மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோகும். அப்படிக் குறைந்து நிற்பதற்குப் பெயர்தான் எக்ஸ்டிங்ஷன். (பசித்து அழும் கைக்குழந்தையைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. அந்த அழுகைக்குப் பால் கொடுத்தே ஆக வேண்டும்.)

சொல்லின் வேர் நெருப்பில் இருக்கிறது. இலத்தீனில் ‘எக்ஸ்டிங்குவெரே’ என்றால் தீயை அவிப்பது. உளவியலுக்கு இந்தக் கருத்தைக் கொண்டுவந்த ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் தம் மொழியில் ‘உகசானியே’ என்று எழுதினார். விளக்கோ தணலோ மங்கி அணைவதைக் குறிக்கும் சொல் அது. 1927இல் அன்ரெப் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அது எக்ஸ்டிங்ஷன் ஆயிற்று. பிறகு அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர். நெம்புகோலை அழுத்தி உணவு பெற்றுக்கொண்டிருந்த ஓர் எலியின் பெட்டியில் உணவு தரும் கருவி சிக்கிக்கொண்டது. எலி அழுத்திக்கொண்டே இருந்து, மெல்லக் குறைத்து, விட்டுவிட்டது. தம் முதல் எக்ஸ்டிங்ஷன் வரைபடம் இப்படித் தற்செயலாகக் கிடைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த எலியை யாரும் எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். உணவு வரவில்லை, அவ்வளவுதான்.

குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளில் இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது கார்ல் வில்லியம்ஸ் 1959இல் வெளியிட்ட சிறு அறிக்கை. 21 மாதக் குழந்தை. பிறந்து முதல் பதினெட்டு மாதங்களில் பெரும்பகுதி கடுமையான நோயில் கழிந்ததால் வீட்டார் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். உடல் தேறிய பிறகும் அவன் அதையே கேட்டான். தூங்கும் வரை யாராவது அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்தால் கத்தல். ஒவ்வோர் இரவும் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை இதற்கே போயிற்று. மருத்துவக் கோளாறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அன்பாகப் படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டு, திரும்பி உள்ளே போகாமல் இருந்தார்கள். முதல் முறை 45 நிமிடம் அழுதான். நாட்கள் போகப்போக அழுகை குறைந்தது. பத்தாவது முறை பெரியவர்கள் அறையைவிட்டுப் போனபோது சிரித்தான்.

கதை அங்கே முடியவில்லை என்பதுதான் என் வழக்குக்கு முக்கியம். ஒரு வாரம் கழித்து அத்தை அவனைப் படுக்கவைத்தபோது மறுபடி கத்தினான். (அத்தையா, சித்தியா, பெரியம்மாவா என்று ஆங்கிலத்தில் தெரியாது, ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்கிவிடுகிறார்கள்.) அவர் மனம் இளகித் திரும்பி வந்து, தூங்கும் வரை உடன் இருந்தார். உடனே பழைய அடம் முழுதாக வந்துவிட்டது. இரண்டாம் முறை முதலிலிருந்து தொடங்கி, ஒன்பதாவது முறைக்குள் அழுகை நின்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் படுக்கை நேரத்து அடம் மீண்டும் வரவில்லை.

‘அழிவு’ என்று எழுதுபவர்களைக் கேட்கிறேன்: அழிந்தது எப்படித் திரும்பி வந்தது? டோடோ பறவை அழிந்துவிட்டது. இனி எந்த அத்தை வந்தாலும் அது திரும்பாது. அழிவு என்ற தமிழ்ச் சொல்லுக்குள் திரும்பாமை உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்டிங்ஷனில் அது அறவே இல்லை. பாவ்லோவின் நாய்களிடமே, உணவுக்கு அடையாளமாகப் பழகிய ஒலியைக் கேட்டதும் ஊறிய உமிழ்நீர், உணவு வராததால் வற்றிப்போய் சற்று நேரம் கழிந்ததும் தானாக மீண்டது. பழைய கற்றல் அழியவில்லை, அடங்கிக் கிடந்தது என்றுதான் பாவ்லோவ் விளக்கினார். பிற்காலத்தில் மார்க் பூட்டன் செய்த ஆய்வுகள் இன்னும் தெளிவாக்கின: ஓரிடத்தில் நின்றுபோன நடத்தை வேறொரு சூழலில் தலைதூக்கும். வீட்டில் நின்ற அடம் பாட்டி வீட்டில் எழுவது இதனால்தான். ‘அழிவு’ என்று படித்த தாய், அடம் மீண்டும் எழும்போது முறை தோற்றது, அல்லது தான் தோற்றோம் என்று முடிவு கட்டுகிறாள். ஒரு மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து எழுதியதற்கு அவள் விலை கொடுக்கிறாள்.

இன்னொரு குறை, அழிவில் வன்முறை ஒலிக்கிறது. ‘அடத்தை அழி’ என்றால் கையை ஓங்கத் தோன்றும். ஆனால் இம்முறையில் தண்டனை இல்லை. நடத்தைக்குக் கிடைத்துவந்ததை நிறுத்துவது மட்டுமே இருக்கிறது.

அண்மையில் ‘புறக்கணித்தல்’ என்ற சொல்லும் பரவி வருகிறது. மென்மையாக இருப்பதால் பலர் இதை விரும்புகிறார்கள். எனக்கு அழிவைவிட இது அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் பாதி சரியாக இருக்கிறது. நம் கவனத்துக்காக எழும் அடத்துக்குத்தான் புறக்கணிப்பு பொருந்தும். 1982இல் பிரையன் இவாட்டாவும் உடனிருந்தோரும், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்ட பிள்ளைகளை வெவ்வேறு சூழல்களில் வைத்துக் கவனித்தார்கள். கவனம் கிடைக்கும் சூழலில் சிலரிடம் அது மிகுந்தது. கடினமான பாடம் வைத்தபோது வேறு சிலரிடம் மிகுந்தது. தனிமையில் இன்னும் சிலரிடம். வெளியே தெரிவது ஒரே நடத்தை, உள்ளே காரணம் வேறு. வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிக்கக் கத்தும் பிள்ளையைப் புறக்கணித்துவிட்டு அடுக்களைக்குப் போனால், அவன் கேட்டதையே கொடுத்தீர்கள். அங்கே நடப்பது வலுவூட்டல். அதற்குப் போய் எக்ஸ்டிங்ஷன் என்ற பெயரா? மேலும், புறக்கணிக்கப்படுவது நடத்தையா பிள்ளையா என்பதைத் தமிழ்ச் சொல் சொல்வதில்லை. பிள்ளையையே புறக்கணித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேருக்கு மிக நெருக்கமானது அவித்தல். குறளில் ‘ஐந்தவித்தான்’ வருகிறதே, புலன்களின் வேட்கையைத் தணித்தவன். எக்ஸ்டிங்ஷனுக்கு அதைவிட அழகான முன்னோடி கிடையாது. ஆனால் இன்றைக்கு அவித்தல் என்றால் இட்லிப் பானைதான் நினைவுக்கு வரும். அணைத்தல்? விளக்கை அணைப்பதும் பிள்ளையை அணைப்பதும் தமிழில் ஒரே சொல். ‘அழும்போது அணைத்துவிடுங்கள்’ என்று எழுதினால் படிப்பவர் தூக்கி மார்போடு சேர்த்துக்கொள்வார். முறைக்கு நேர் எதிரானது நடக்கும். மறைதல் என்று எழுதுவோர் உண்டு. அதில் காலப்போக்கில் மறந்துபோவதன் சாயல் இருக்கிறது. ஸ்கின்னர் இரண்டையும் பிரித்தே பேசினார்: மறதிக்குக் காலம் கழிந்தால் போதும், இதற்கு நடத்தை நிகழ்ந்து பலன் கிடைக்காமல் போக வேண்டும். தணிதல் பரவாயில்லை, ஆனால் அது கோபத்துக்கும் தாகத்துக்கும் சொந்தம்.

நான் நிற்பது ஓய்தலிடம். மழை ஓய்கிறது, காற்று ஓய்கிறது, பிள்ளை அழுது ஓய்கிறது. ஓய்ந்தது மீண்டும் எழும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஓய்ந்த மழை மறுநாள் பெய்தால் யாரும் ஏமாற்றம் கொள்வதில்லை. சிறிது சிறிதாகக் குறைவதும் அதில் இருக்கிறது. பெரியவர்கள் கையாளும் முறைக்கு ‘ஓயவிடுதல்’ என்று சொல்லலாம். ‘விடுதல்’ என்ற துணைவினை நாம் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதைக் காட்டுகிறது. ஓய்வு என்று மட்டும் சுருக்கக் கூடாது. அது பணி ஓய்வுக்குப் போய்விட்டது.

தூய தமிழுக்காக நான் சண்டை போடவில்லை. ‘எக்ஸ்டிங்ஷன்’ என்று தமிழ் எழுத்தில் போட்டு, அடுத்த வரியில் விளக்கினால்கூட எனக்கு வருத்தமில்லை. புரியாத சொல்லைப் பார்த்தவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். தவறான தமிழ்ச் சொல்லைப் பார்த்தவரோ புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். இந்தத் துறை முழுக்க இதே நிலைதான். ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்றதும் ஆசிரியர்கள்கூடத் தண்டனை என்று எழுதுகிறார்கள். கடையில் கத்தும் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கித் தந்ததும் கத்தல் நிற்கிறது; அந்த நிம்மதிக்காக அப்பா அடுத்த முறையும் வாங்குவார். அப்பாவுக்குக் கிடைத்தது எதிர்மறை வலுவூட்டல். தொல்லை விலகியதால் வலுப்பெற்ற பழக்கம் அது. அமெரிக்காவின் ஓரிகனில் உளவியலாளர் ஜெரால்டு பாட்டர்சன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்தப் பொறியைத்தான். ‘விலக்கத்தால் வலுவூட்டல்’ என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது.

ஒரு சொல் மட்டும் எனக்கு இன்னும் சரியாக அமையவில்லை. ஓயவிடத் தொடங்கியதும் சில சமயம் அடம் முதலில் ஏறும். கத்தல் கூடும், பொருள் பறக்கும். அணையப் போகும் விளக்கு பிரகாசமாக எரியும் என்கிறோமே, அதுதான். டோரதியா லெர்மனும் இவாட்டாவும் 1995இல் இம்முறையைக் கையாண்டதில் கிடைத்த 113 தரவுத் தொகுப்புகளைப் பார்த்ததில் 24 சதவீதத்தில்தான் இந்த ஏற்றம் இருந்தது. ஓயவிடுதலை மட்டும் தனியாகக் கையாண்ட இடங்களில் 36, வேறு முறைகளையும் சேர்த்துக்கொண்ட இடங்களில் 12. கூட்டத்தில் தந்த தாளில் இதை ‘அழிவு வெடிப்பு’ என்று எழுதியிருந்தார்கள். பட்டாசு ஆலை விபத்துச் செய்தி போல இருக்கிறது. நான் இப்போதைக்கு ‘ஓயுமுன் எழுச்சி’ என்று எழுதி வருகிறேன். கொஞ்சம் நீளம்தான். இதைவிடச் சுருக்கமாக, ஆனால் அச்சுறுத்தாமல் ஒரு சொல்லை யாராவது சொன்னால் அன்றே மாற்றிக்கொள்வேன்.