செயற்கைக் கருவிழியில் ஓரம்தான் எல்லாம்

செயற்கைக் கருவிழி வைத்த ஒருவர் பரிசோதனைக்கு வந்தால், நடுவில் இருக்கும் கண்ணாடி போன்ற பகுதியை நான் அதிக நேரம் பார்ப்பதில்லை. அது பெரும்பாலும் வைத்தபடியே தெளிவாக இருக்கும். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியின் வெளிச்சத்தை ஒரு கோடாகச் சுருக்கி, அந்தப் பிளாஸ்டிக்கும் உயிருள்ள திசுவும் சேருகிற ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். மயிரிழை அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறதா? திசு எங்காவது மெலிந்திருக்கிறதா? சந்தேகம் வந்தால் சாயம் தடவி நீல வெளிச்சத்தில் பார்ப்போம். உள்ளிருந்து நீர் கசிந்தால் அந்தச் சாயத்தை அது கரைத்துக்கொண்டு வழிவது கண்ணெதிரே தெரியும். இந்தக் கருவி கண்ணில் தங்குமா, கழன்றுவிடுமா என்பதை அந்த ஓரம்தான் தீர்மானிக்கிறது.

இது எல்லோருக்கும் வைக்கிற சிகிச்சை இல்லை. கருவிழி கெட்டவர்களில் பலருக்குக் கண் தானத்தில் கிடைத்த கருவிழியே போதும். அது நிற்காது என்று தெரிந்த கண்களுக்கும், வைத்து வைத்துத் தோற்ற கண்களுக்கும்தான் செயற்கைக் கருவிழி. அப்படிப்பட்ட கண்ணுக்கு வேலூர்ப் பக்கத்தில் என்ன காரணம் என்று கேட்டால் முதலில் என் நினைவுக்கு வருவது சுண்ணாம்பு.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று டேனரிகள் நிறைந்த ஊர்கள் இவை. தோலில் இருந்து முடியை நீக்கச் சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் ஊறவைக்கிறார்கள். ஒரு முறை தெறித்தால் போதும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதும் நடக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை பிதுக்கும்போது அது வெடித்து நேராகக் கண்ணில் அடிப்பது இன்னொரு கொடுமை. அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து, அந்த உறைவே மேற்கொண்டு போகாமல் ஓரளவு தடுத்துவிடும். காரம் அப்படி நிற்காது, திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். அதனால் சுண்ணாம்பு பட்ட அந்த நிமிடமே, நின்ற இடத்திலேயே, கிடைக்கிற சுத்தமான தண்ணீரால் குறைந்தது அரை மணி நேரம் கழுவுங்கள். மேல் இமையைத் தூக்கிப் பிடித்துக் கழுவ வேண்டும், துகள் ஒளிந்துகொள்வது அங்கேதான். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். கழுவி முடித்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம்.

மனிதக் கருவிழி மாற்று முதன்முதலில் வெற்றி பெற்றதும் சுண்ணாம்பு பட்ட கண்ணில்தான். 1905ல், இன்றைய செக் நாட்டில் உள்ள ஒலொமோட்ஸ் நகரில், எடுவார்ட் சிர்ம் என்ற மருத்துவர் ஒரு கூலித் தொழிலாளிக்கு அதைச் செய்தார். இரண்டு கண்ணிலும் வைத்ததில் ஒன்று தெளிவாக நின்றது. காயம் ஆழமாக இருந்தால் அந்த ஒன்றும் நிற்பது கஷ்டம். கருவிழியின் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ஸ்டெம் செல்கள், கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் வட்டத்தில் இருக்கின்றன. சுண்ணாம்பு அவற்றைக் கொன்றுவிட்டால், எவ்வளவு நல்ல கருவிழியைத் தைத்தாலும் அதன் மேல் தோல் மூடாது, ரத்தக் குழாய்கள் படர்ந்து வெளுத்துப்போகும். மாத்திரை ஒவ்வாமையால் வரும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயிலும் இதே கதைதான், கூடவே கண்ணீரும் வற்றிவிடும்.

இப்போது அதிகம் பயன்படும் செயற்கைக் கருவிழி, பாஸ்டனில் கிளாஸ் டோல்மன் உருவாக்கிய வகை. அமெரிக்காவில் 1992ல் அனுமதி கிடைத்தது. கண் சிகிச்சைப் பொருட்கள் தயாரிக்கும் மதுரை அரோலேப் நிறுவனம் அதே வடிவத்தில் குறைந்த விலைக்குச் செய்கிறது. முன்னால் ஒரு தட்டும் தண்டும், பின்னால் துளைகள் போட்ட இன்னொரு தட்டு. தானமாக வந்த கருவிழியின் நடுவில் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, அதை இரண்டு தட்டுக்கும் இடையில் கோத்து, அந்தக் கருவிழியைத்தான் நோயாளியின் கண்ணோடு தைக்கிறோம். ஆக, இதற்கும் யாரோ ஒருவர் கண் தானம் செய்திருக்க வேண்டும்.

வெளிச்சம் உள்ளே போகும் அந்தத் தண்டு பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக். 1949ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி கண்ணுக்குள் முதல் செயற்கை லென்ஸை வைத்ததும் இதே பிளாஸ்டிக்கில்தான். உடம்பு அதைக் கண்டுகொள்வதில்லை என்பதே அதன் பெருமை. கண்ணுக்குள் மூடிய இடத்தில் உட்காரும் லென்ஸுக்கு அது வரம். கருவிழி அப்படியில்லை, அது வெளிச்சுவர். வெளிச்சுவரில் பதித்த பொருளைத் திசு பற்றிக்கொள்ளாவிட்டால், தண்டைச் சுற்றி ஒரு நுண்ணிய பாதை திறந்தே கிடக்கும். அதன் வழியாகக் கண்ணீரும் கிருமியும் உள்ளே போகலாம். அழற்சி தொடங்கினால் திசுவுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை அரிக்கும் நொதிகள் சுரந்து, ஓரம் கரையத் தொடங்கும்.

இந்த ஓரத்தை எப்படி ஒட்டவைப்பது என்பதுதான் பல ஆண்டுகளாக நடக்கும் ஆராய்ச்சி. பின்தட்டை டைட்டானியத்தில் செய்தார்கள், திசு அதை இன்னும் நன்றாகத் தாங்கிக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடுப்பகுதியைத் தெளிவாகவும் விளிம்பைப் பஞ்சுபோல நுண்துளைகளோடும் செய்தார்கள், செல்கள் துளைக்குள் நுழைந்து வேர்பிடிக்கட்டும் என்று. அவை நுழையவும் செய்தன. ஆனால் மேலே மூடியிருந்த திசு பலருக்குக் கரைந்தது. ஆய்வுக்கூடங்களில் பிளாஸ்டிக்கின் மேல் எலும்பின் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டைப் பூசிப் பார்க்கிறார்கள், செல்கள் பிடித்துக்கொள்ளும் புரதத் துணுக்குகளையும் பதிக்கிறார்கள்.

எலும்புத் தாது எதற்கு என்று கேட்கலாம். 1960களில் இத்தாலியின் ஸ்ட்ரம்பெல்லி அதற்குப் பதில் காட்டிவிட்டார். நோயாளியின் கோரைப்பல்லை வேரோடும் சுற்றியுள்ள எலும்போடும் எடுத்து, சீவி, ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் லென்ஸை அதில் பதித்து, சில மாதம் உடம்புக்குள்ளேயே புதைத்து வைத்து, பிறகு கண்ணில் வைப்பது. கண்ணின் மேல் வாய்க்குள் இருந்து எடுத்த தோல் மூடியிருக்கும். முதல் தடவை பார்க்கும் குடும்பத்தார் பயந்துபோவார்கள். ஆனால் சொந்தப் பல்லையும் எலும்பையும் உடம்பு தள்ளுவதில்லை, வறண்ட கண்ணில்கூட இது பல ஆண்டுகள் நிற்கிறது. சென்னை சங்கர நேத்ராலயாவில் இதைச் செய்கிறார்கள்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது ஒட்டுகிற இடத்தையே மாற்றும் யோசனை. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, அதனால் காயம் மெதுவாகத்தான் ஆறும். வெள்ளைவிழியை மூடியிருக்கும் மெல்லிய தோலில் ரத்த ஓட்டம் தாராளம். இஸ்ரேலில் 2021 ஜனவரியில் 78 வயதுக்காரர் ஒருவருக்கு வைத்த கருவியில் விளிம்பு முழுக்க நானோ இழைகள், அது அந்தத் தோலுக்கு அடியில் போய் உட்காருகிறது. நீண்ட காலத்தில் எப்படி நிற்கும் என்பதுதான் உண்மையான பரீட்சை.

இன்னொரு வழி பிளாஸ்டிக்கையே விட்டுவிடுவது. ஆம்பூர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பச்சைத் தோல் அழுகும், பதனிட்ட தோல் அழுகாது, ஏனென்றால் பதனிடும்போது கொலாஜன் இழைகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்புகள் விழுகின்றன. கருவிழியும் பெரும்பகுதி அதே கொலாஜன்தான். பன்றித் தோலின் கொலாஜனைச் சுத்திகரித்து, குறுக்குப் பிணைப்பால் உறுதியாக்கிச் செய்த தெளிவான வில்லையை இந்தியாவிலும் ஈரானிலும் 20 பேருக்கு வைத்த ஆய்வு 2022ல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகள் நன்றாகவே இருந்தது. ஆனால் அது கருவிழி கூம்பிப்போகும் நோய்க்கு. சுண்ணாம்பில் வெந்த கண்ணுக்கு இன்னும் வரவில்லை.

அதுவரை, ஒட்டாத ஓரத்தைக் காப்பது மருந்துதான். குடியாத்தத்தில் இருந்து வரும் பெரியவர் ஒருவர் கேட்டார், "நல்லாத்தான் தெரியுது மேடம், இன்னும் எதுக்குச் சொட்டு மருந்து?" பலருக்கும் இருக்கும் கேள்வி இது. "நல்லா தெரியுறதாலதான் ஐயா, விடக் கூடாது" என்றேன். கிருமி எதிர்ப்புச் சொட்டு தினமும், வாழ்நாள் முழுக்க. மேலே போட்டிருக்கும் பெரிய காண்டாக்ட் லென்ஸ் அந்த ஓரம் காய்ந்துபோகாமல் காக்கிறது. விழுந்துவிட்டால் அடுத்த செக்கப்வரை காத்திருக்கக் கூடாது. கண் பிரஷரும் ஏறும், கருவி இருப்பதால் வழக்கமான மெஷினில் அளக்க முடியாது. இமையின் மேல் இரண்டு விரலால் அழுத்தித்தான் மதிப்பிடுகிறோம், பார்வை நரம்பையும் தனியாகச் சோதிக்கிறோம். பிரஷர் ஏறிப் பார்வை நரம்பு கெடும் கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது, அதனால் வலி இல்லை என்று செக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை திடீரென்று மங்கினாலோ, வெதுவெதுப்பாக நீர் வழிந்தாலோ அன்றைக்கே வாருங்கள். கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ராத்திரி பஸ் பிடித்தாவது வாருங்கள், ஆபரேஷன் சீட்டையும் போட்டுக்கொண்டிருக்கும் மருந்துகளையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.