கியர் கத்துகிறதா? பாக்ஸை இறக்கும் முன் பத்து நிமிடம்

கியர் போடும்போது 'கர்ர்ர்' என்று சத்தம் வருகிறது என்று சொன்னதுமே மெக்கானிக்கிடமிருந்து "கியர்பாக்ஸ் இறக்கணும் சார்" என்று பதில் வந்தால் கொஞ்சம் பொறுங்கள். அங்கே அரைபடுவது பெரிய கியர் பற்கள் அல்ல. முன்னோக்கிப் போகும் கியர்கள் எப்போதும் கோத்தபடியேதான் சுற்றுகின்றன. நகர்வது கியரைத் தண்டோடு பூட்டும் வளையமான ஸ்லீவ் மட்டும். அது வேகம் ஒத்துவராத கியரின் ஓரத்துச் சிறு பற்களில் மோதுகிறது. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: கிளட்ச் இன்ஜினிலிருந்து முழுதாக விலகவில்லை, அல்லது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங் தேய்ந்துவிட்டது.

எது என்று பார்க்கக் கருவி வேண்டாம். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில் இன்ஜினை ஐடிலில் விடுங்கள். நியூட்ரலில் கிளட்ச்சை அடிவரை மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. அவசரப்பட்டால் நல்ல வண்டியும் கத்தும். பொறுத்தும் கத்தினால் கிளட்ச்சைத்தான் சந்தேகிக்க வேண்டும். இன்ஜினை அணைத்ததும் எல்லா கியரும் லேசாக விழுந்தால் சந்தேகம் உறுதி.

முதலில் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், தடித்த மேட் சுருண்டு பெடலின் கடைசி இரண்டு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். ஆல்டோ போன்ற, கிளட்ச்சைக் கேபிள் இழுக்கும் வண்டிகளில் கேபிள் நீண்டு ஃப்ரீ ப்ளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்குமுன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) கூடியிருக்கலாம். அதை மேனுவல் சொல்லும் அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். சத்தம் போகவேண்டுமென்று ஃப்ரீ ப்ளேயே இல்லாமல் இறுக்குகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் சுற்றும், கிளட்ச் பிளேட் வழுக்கிக் கருகும்.

கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் கிளட்ச் இயங்கும் ஹைட்ராலிக் வண்டியில் பெடலை நாலைந்து முறை அடித்தபின் கியர் சுலபமாக விழுகிறதா? லைனில் காற்று, அல்லது பெடல் பக்கம் உள்ள மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே பெடல் ராடு சிலிண்டருக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவுங்கள். ஈரம் இருந்தால் மாஸ்டர்தான். அங்கே காய்ந்திருந்து கிளட்ச் ஆயில் டப்பாவில் அளவு மட்டும் குறைந்தால் கிளட்ச் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரைப் பாருங்கள். சில வண்டிகளில் அது கிளட்ச்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்குக்கு உள்ளே இருக்கும். அடியில் சொட்டினால்தான் தெரியும். அப்போது பாக்ஸை இறக்காமல் வழியில்லை.

புது கிளட்ச் செட் போட்ட மறுநாளே கத்தினால், பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம், அல்லது ஏற்றும்போது பாக்ஸின் எடை பிளேட்டில் தொங்கி அது வளைந்திருக்கலாம்.

ரிவர்ஸ் சோதனையில் கிளட்ச் தேறிவிட்டது, ஒரே ஒரு கியர் மட்டும், பெரும்பாலும் இரண்டாவதோ மூன்றாவதோ, ஓட்டத்தில் கத்துகிறது என்றால் சிங்க்ரோதான். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது நியூட்ரலில் கிளட்ச்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தட்டி, மறுபடி மிதித்துப் போடுங்கள். அப்போது சத்தமே இல்லையென்றால் ரிங் தேய்ந்திருக்கிறது.

பிரிப்பதற்கு முன் பாக்ஸ் ஆயிலை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். டிரெயின் போல்ட் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை. ஆயிலில் பித்தளை மினுமினுப்பு நிறைய தெரிந்தால் ரிங் கரைகிறது. பல் துண்டு கிடந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். ஜி.எல்.-4 தர கியர் ஆயில் கேட்கும் பாக்ஸில் "இது இன்னும் உசத்தி" என்று ஜி.எல்.-5 ஊற்றியிருந்தாலும் கத்தலாம். ரிங் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கும், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையையும் அரிக்கக்கூடும்.

ஆயில் மாற்றும்போது மேலே உள்ள ஃபில்லர் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். கீழே இறக்கிவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்து வரவில்லையென்றால் வண்டி லிஃப்டிலேயே நிற்கும்.